கமராவுக்குள் ஹோர்சன்ஸ் நேரம்

26 ஜனவரி 2009, திங்கள்

பன்றி இறைச்சிப் பிரச்சினையில் நாங்கள் வென்றுவிட்டோம். கந்தோரில் கேக் வெட்டினார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நவம்பரில் இங்கே டென்மார்க்கிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு குளிர்க்கொள்கலன் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில், வழியில் குளிர் விட்டுப்போய் இறைச்சி பழுதாகிவிட்டது என்றார்கள். எங்களிடம் வழி முழுக்க எடுத்த வெப்பநிலைப் பதிவு இருந்தது. அது பிறகு உட்கார்ந்து திருத்தியது என்று அடுத்த குற்றச்சாட்டு. இதற்குத்தான் நேரமுத்திரை. இரண்டு வருடமாக என் வேலையே அதுதான். ஒரு கோப்பிலிருந்து கணினி ஒரு நீண்ட எண்ணைப் பிழிந்தெடுக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும். கோப்பை நாங்கள் வெளியே அனுப்புவதில்லை. எண்ணை மட்டும் வேறொரு முத்திரை நிலையத்துக்கு அனுப்புவோம். அவர்கள் தங்கள் மணிக்கூட்டு நேரத்தை அதனோடு சேர்த்துக் கையொப்பமிட்டு ஒரு சீட்டுத் தருவார்கள். அந்த மணிக்கூட்டில் எங்கள் கை படாது. பிறகு யார் கேட்டாலும் கோப்பையும் சீட்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். இந்த நிமிடத்துக்கு முன்னரே இது இப்படியேதான் இருந்தது என்று நிறுவிவிடலாம்.

மேலாளர் பென்ட என் தோளில் தட்டி, "நீ இல்லாவிட்டால் தோற்றிருப்போம்" என்றாள்.

தம்பி நேசன் கதைத்துப் பதினைந்து நாள். கிளிநொச்சியை ஆமி பிடித்துவிட்டது, மனைவி யோகமலரையும் குழந்தை ரூத்தையும் கூட்டிக்கொண்டு இன்னும் கிழக்கே போகிறேன் என்றான். எங்கே என்று கேட்டேன். "சனம் போற பக்கம், அக்கா" என்றான்.

8 பெப்ரவரி, ஞாயிறு

சபையில் இரண்டு மணித்தியாலம் வன்னிக்காக ஜெபம். முடிந்ததும் சபைச் செயலாளர் ஜெபரட்ணம் அண்ணை வந்தார். ஜெபக்குறிப்புத் தாளில் போட நேசன் குடும்பத்தின் படம் ஒன்று வேண்டுமாம். போன கிழமைதான் அனுப்பினேன் என்றேன்.

"வந்திருக்கும் தங்கச்சி. நான் இன்னும் திறக்கேல்லை."

அவருடைய கணினியை ஒருதரம் பார்த்திருக்கிறேன். திறக்காத கடிதங்கள் பதினோராயிரம். கோழிக்கறி விளம்பரமும் மரண அறிவித்தலும் ஒன்றாகக் கிடக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, அதுகளை ஒருக்கா முழுசா அழிச்சுத் துப்புரவாக்குங்கோ. குப்பைக்குள்ள இருந்துகொண்டு எனக்கு ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லக்கூடாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மனிசன் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் நிக்கலஸ் சொன்னார்: "அந்தாளுக்கு ஏன் ஏசினீர்? உமக்குக் கோபம் வேற ஆரோடயோ."

உண்மை. இருந்தாலும் அந்தக் கணினி குப்பைதான்.

29 மார்ச், ஞாயிறு

இன்று கோடை நேரம் தொடக்கம். மணிக்கூடுகளை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினேன். அடுப்பு, வரவேற்பறை, கார். மகள் மிரியம் தன் கைத்தொலைபேசி தானே மாற்றிக்கொண்டது என்று டேனிஷில் பெருமையடித்தாள்.

நேசனிடம் இருக்கிற கமரா நினைவுக்கு வந்தது. 2005 டிசம்பரில், சண்டை ஓய்ந்திருந்தபோது ஊருக்குப் போகையில் இங்கே எங்கள் ஊரான ஹோர்சன்ஸில் ஒரு கடையில் வாங்கி, கடைக்குள்ளேயே நின்று மணி வைத்துக்கொண்டு போனது. திரும்பும்போது அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். அங்கத்தைய நேரத்துக்கு மாற்று என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இலங்கை நேரத்துக்கு அது நாலரை மணி பின்னுக்கு நிற்கும். பகல் சாப்பாட்டுப் படத்தைக் கணினியில் திறந்தால் காலை எட்டு மணி என்று காட்டும். எனக்குப் பல் கூசும்.

"மாத்தமாட்டன் அக்கா" என்பான். "இதைப் பாத்தாத்தான் நீங்கள் எழும்பிட்டியளோ எண்டு தெரியும்."

கோடையில் நாங்கள் மணியை மாற்றுவோம், உன் கமரா மாற்றாது, அப்போது அதுவும் பிழையடா என்று விளக்கினேன். சிரித்தான். கணக்கு வாத்தியார். விளங்காமல் இல்லை.

இன்று கதைத்து எழுபத்தேழு நாள்.

20 ஏப்ரல்

தொலைக்காட்சியில் ஆட்கள் தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிறார்கள். முகம் முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இல்லை.

18 மே, திங்கள்

போர் முடிந்ததாம். டேனிஷ் செய்தியில் ஒரு நிமிடம் கூட இல்லை. அதற்குப் பிறகு காலநிலை. நாளைக்கு வெயிலாம்.

நிக்கலஸ் வேலைக்குப் போகவில்லை. மேசையில் என் எதிரே இருக்கிறார். ஏதாவது சொன்னால் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

24 மே, ஞாயிறு

யோகமலர் உயிரோடு. ரூத்தும் உயிரோடு. கர்த்தாவே.

முகாமுக்குள் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் நாலு நிமிடம் கதைத்தாள். குரலே மாறிப்போயிருந்தது. பதினெட்டாம் திகதி காலை சண்டைக்குள் இருந்து வெளியே வந்தபோது, இயக்கத்தில் ஒரு நாளாவது இருந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். நேசனைப் பெப்ரவரியில் இயக்கம் பிடித்துக்கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் பதுங்குகுழி வெட்ட வைத்திருக்கிறது. இவன் கையைத் தூக்கியிருக்கிறான். பன்னிரண்டு நாளைக்கு! பக்கத்தில் நின்றவன் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்க, என்ர தம்பி கையைத் தூக்கினவன். பொய் சொல்லத் தெரியாதவனை வளர்த்தது ஆர்? நான்தான். அம்மா வேலைக்குப் போக நான்தான் வளர்த்தனான்.

"பஸ்ஸிலை ஏத்தினவங்கள் மச்சாள். காலமை ஒன்பது மணி இருக்கும். நான் பைக்குள்ள இருந்து கமராவை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தனான்."

படம் எங்கே என்று கேட்டேன்.

"பிறகு சோதிச்சு கமராவைப் பறிச்சுப்போட்டாங்கள். படம் பதியிற சின்ன அட்டை என்னட்டை இருக்கு." தொடர்பு அறுந்தது.

3 ஜூன், புதன்

வந்துவிட்டது. முகாமுக்கு வந்துபோகும் ஒரு கன்னியாஸ்திரி அந்தச் சிறு அட்டையைப் பால்மா ரின்னுக்குள் வைத்து வெளியே கொண்டுவந்து, வவுனியாவில் ஒரு தொலைத்தொடர்புக் கடையில் கொடுத்து, படத்தை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். பெந்தெகொஸ்தேக்காரி நான், இனி கன்னியாஸ்திரிமாரைப் பற்றி நிக்கலஸோடு வாயடிக்கமாட்டேன்.

காலை 10.12. கந்தோரில் இருந்தேன். படம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. தலையைச் சரித்துப் பார்த்தேன். பஸ்ஸின் படி, அதில் ஒரு கால் வைத்தபடி நேசன், முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. மெலிந்துபோனான். பின்னால் சீருடைக்காரர் இரண்டு பேர். பஸ்ஸின் இலக்கத்தில் நாலு எழுத்துத் தெளிவு. நல்ல பகல் வெளிச்சம், ஆனால் புகையா மேகமா தெரியவில்லை, நிழல் இல்லை.

அழவில்லை. முதலில் முத்திரை. யோசிக்காமலே கை செய்தது. 10.19க்குச் சீட்டு வந்தது. அதற்குப் பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் வீட்டில் நிக்கலஸ், "கொஞ்சம் நிமிர்த்தி, வெளிச்சம் கூட்டினால் முகம் வடிவாத் தெரியும்" என்று கணினியில் கை வைத்தார். கத்திவிட்டேன். அவர் பயந்துபோனார். நிமிர்த்திச் சேமித்தால் எண் மாறும், எண் மாறினால் சீட்டு வெறும் தாள் என்று பிறகு விளங்கப்படுத்தினேன். நாலு பிரதி எடுத்து நாலு இடத்தில் வைத்திருக்கிறேன்.

4 ஜூன்

பென்டவிடம் சொன்னேன். நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் கோப்பைத் தவிர வேறு எதற்கும் முத்திரை எடுக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதே நான்.

அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "சீட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும். யாராவது கேட்டால் நான்தான் போய் நிற்கவேண்டும்."

தெரியும் என்றேன்.

"சரி, நிற்கிறேன்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, போய் எனக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

22 ஜூன், திங்கள்

ஓகூஸ் நகரில் சட்டத்தரணி கிர்ஸ்டனைச் சந்தித்தேன். காணாமற்போனவர்களுக்காக ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முறைப்பாடு எழுதித் தருகிறவள். நேசன் எந்த முகாமின் பட்டியலிலும் இல்லை. யோகமலர் கேட்ட இடமெல்லாம் 'தெரியாது'.

கிர்ஸ்டன் ஈவிரக்கமில்லாமல் கேள்வி கேட்டாள். எனக்கு அது பிடித்தது. "உங்கள் முத்திரை எதை நிறுவும்?"

"இந்தப் படம் ஜூன் மூன்று, 10.19க்கு முன் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் மாறவில்லை."

"அது உண்மையான படம் என்று?"

"நிறுவாது."

"எங்கே, எப்போது எடுத்தது என்று?"

"நிறுவாது. மே பதினெட்டு என்பது கமரா தனக்குள் எழுதிவைத்த திகதி. கமராவின் மணியை யாரும் மாற்றலாம். முத்திரையின் மணியை மாற்ற ஏலாது. அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டாள். பொய் சொல்லாத சாட்சிக்காரர் வருவது அருமை என்றாள். குடும்ப வியாதி என்று சொல்ல நினைத்தேன், டேனிஷில் சரியாக வரவில்லை.

14 செப்டம்பர், திங்கள்

ஜெனீவா வழியாக இலங்கை அரசின் பதில் வந்திருக்கிறது. கிர்ஸ்டன் தொலைபேசியில் வாசித்தாள். அப்படி ஒருவர் எங்கள் பொறுப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. முறைப்பாட்டோடு வந்த படம் போலி. படத்துக்குள் கமரா பதிந்த நேரம் காலை 4.20. அந்த நேரத்தில் அங்கே கும்மிருட்டு. படத்திலோ பகல். ஆகவே இது வேறெங்கோ தயாரித்தது.

"தபிதா, இருக்கிறாயா?"

இருந்தேன். நாற்காலியில் இருந்தேன். படத்தைத் தினமும் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன், பஸ் இலக்கத்தைப் பார்க்கிறேன். மணியைப் பார்க்கவில்லையே. மணி பார்க்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள்.

4.20. அதோடு நாலரை. காலை 8.50. யோகமலர் சொன்ன ஒன்பது மணி.

நான் வைத்த மணி. இந்த ஊர்க் கடையில் நின்றுகொண்டு நான் வைத்த பனிக்கால மணி. அதைக் கொண்டே அவனை இல்லை என்கிறாங்கள்.

15 செப்டம்பர்

கிர்ஸ்டனிடம் சொன்னேன். அவள் நம்புகிறாள். ஆனால் அவள் நம்பி என்ன.

"கமரா டென்மார்க் நேரத்தில் இருந்தது என்று இப்போது நீ சொன்னால், இப்போது கண்டுபிடித்த சாட்டு என்பார்கள். கமராவைக் காட்டமுடியுமா?"

பறித்துவிட்டார்கள்.

"அப்படியானால் இந்தத் தகராறு தொடங்குவதற்கு முந்தியது ஏதாவது வேண்டும். அதே கமரா, அங்கே எடுத்த படம், உண்மையான மணி எத்தனை என்று படத்திலேயே தெரியவேண்டும். அது பழையதுதான் என்றும் நிறுவவேண்டும்." கடைசி நாள் முப்பதாம் திகதி. அதற்குப் பிறகு முறைப்பாட்டுக் கோவையை மூடிவிடுவார்களாம்.

பழைய படம், அதில் ஒரு மணிக்கூடு, அது பழையது என்பதற்கு முத்திரை. யார் வைத்திருப்பார்கள் இப்படி ஒன்றை.

17 செப்டம்பர், வியாழன்

நான் வைத்திருந்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. 2007 பெப்ரவரி, முத்திரை எடுக்கப் பழகிய கிழமை. வாடிக்கையாளர் கோப்பை வைத்துப் பழகாதே, உன் சொந்தக் கோப்பு ஏதாவது போடு என்று பென்ட சொன்னாள். அந்த வாரம்தான் நேசன் கிளிநொச்சியிலிருந்து ரூத்தைச் சபையில் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்த பிரதிஷ்டைப் படம் அனுப்பியிருந்தான். போதகர் கையில் குழந்தை, பக்கத்தில் அவனும் யோகமலரும், பின்சுவரில் சபை மணிக்கூடு. மணிக்கூட்டில் 10.35. கமரா 6.05 என்று பதிந்திருந்தது. அன்றைக்கே அதைச் சொல்லி அவனுக்கு ஏசி எழுதினேன்.

கந்தோருக்கு ஓடினேன். சீட்டு இருக்கிறது! 13 பெப்ரவரி 2007, 14.06. சீட்டுகளைப் பத்து வருடம் வைத்திருக்கிறோம். அந்த நீண்ட எண் அப்படியே.

கோப்பு இல்லை. பயிற்சிக் கோப்புகளை முடிந்ததும் அழிக்கவேண்டும் என்பது விதி. அழித்திருக்கிறேன்.

வீட்டில் இருக்கிறது, அல்பம் என்ற கோப்புறையில். எண்ணை எடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மறுபடி எடுத்தேன். பொருந்தவில்லை. என்ன நடந்தது என்று விளங்க ஒரு நிமிடம் போனது. படம் கொஞ்சம் சரிவாக இருந்ததென்று நான் நிமிர்த்தினேன். வெளிச்சம் கூட்டினேன். அதன்மேலேயே சேமித்தேன். அழகாக்கினேன். அவன் அனுப்பிய மின்னஞ்சலை, பெட்டி நிறைந்துவிட்டதென்று ஒரு சனிக்கிழமை இருந்து மற்ற எல்லாவற்றோடும் அழித்தேன்.

ஜூன் மாதம் நிக்கலஸுக்குக் கத்தினேனே, அதே பிழை. அவர் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் போனார். திருப்பி ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

19 செப்டம்பர், சனி

இரண்டு நாளாகப் பழைய குறுந்தட்டுகள், பழைய கணினி, நிக்கலஸின் தொழிற்சாலைப் பை வரை கிளறியாயிற்று. அனுப்பிய நேசனின் கணக்கின் கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். அவன் படம் அனுப்பிய கிளிநொச்சி இணையக் கடை இப்போது இருக்கிற இடமே தெரியாதாம்.

நான் துப்புரவுக்காரி. என்ர வீட்டில ஒரு பழைய கடதாசி இராது. அதுதான் எனக்குப் பெருமை. நல்லா வேணும் எனக்கு.

மிரியம் வந்து கட்டிலில் பக்கத்தில் இருந்தாள். டேனிஷில்தான் கேட்டாள்: "அந்தப் படத்தை நீங்கள் வேறு யாருக்காவது அனுப்பினீர்களா?"

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். அனுப்பியிருக்கிறேன். வந்த அன்றே, கை வைப்பதற்கு முன், அப்படியே. ரூத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி, சபைத் தாளில் போட.

ஜெபரட்ணம் அண்ணைக்கு.

பெப்ரவரியில் நாலு பேர் முன்னால் முழுசாக அழிக்கச் சொல்லி நான் ஏசிய ஜெபரட்ணம் அண்ணைக்கு.

தொலைபேசி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. மூன்று தரம் எடுத்தேன். கோல்டிங்கில் மகன் வீட்டில் நிற்கிறாராம், பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா சொன்னார். மகன் கணினி வேலை செய்கிறவன்.

20 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனைக்கு அரை மணி முந்தி வாசலில் நின்றேன். அவர் சைக்கிளைப் பூட்டுமட்டும் பொறுக்க எனக்கு முடியவில்லை.

"அண்ணை, உங்கடை பழைய மின்னஞ்சல் எல்லாம் இருக்கோ?"

அவர் முகம் சுருங்கிப்போனது. திரும்பவும் ஏசப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். "தங்கச்சி, கோவியாதையும். நீர் சொன்ன அண்டைக்கே மகனிட்டைச் சொன்னனான். வந்து அழிக்கிறன் எண்டவன். நேற்றும் கேட்டனான், அடுத்த கிழமை வாறன் எண்டான்..."

"அழிக்கேல்லையோ?"

"இன்னும் இல்லை."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் நின்ற ஆட்கள் எல்லாம் பார்த்தார்கள். விசயத்தைச் சொன்னேன். அண்ணை ஆராதனைக்குப் போகவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல்தரம் என்று நினைக்கிறேன். வீட்டுச் சாவியை என்னிடம் தந்து, தானும் சைக்கிளில் பின்னால் வந்தார்.

இப்போது பன்னீராயிரத்துச் சொச்சம். 2007க்குப் போக ஏலாமல் அந்தக் கணினி முக்கியது. அண்ணை பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் ஜெபித்துக்கொண்டே இருந்தார். நிற்பாட்டச் சொல்ல வாய் வரவில்லை. இருபது நிமிடம். பெப்ரவரி பன்னிரண்டு. என் பெயர், தடித்த எழுத்தில். 'ரூத் பிரதிஷ்டை. அண்ணை, தயவுசெய்து இந்த ஞாயிறு போடவும்.'

இரண்டரை வருடமாகத் திறக்கவில்லை.

"போடேல்லை, என்ன?" என்றார்.

"இல்லை அண்ணை. நல்ல வேலை செய்தியள்."

படத்தைப் பார்க்கத் திறக்கவேயில்லை. அப்படியே சேமித்து எண்ணை எடுத்தேன். அறுபது சொச்சம் எழுத்து. சீட்டின் எண்ணை நான் வாசிக்க, அண்ணை திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரி சொன்னார். ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தாலும் கடைசி மட்டும் வாசித்தோம். கடைசி எழுத்துக்கும் "ஓம்" என்றார். அந்தக் குப்பை மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கட் ரின்னைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

மகனை இனி வரவேண்டாம் என்று அவரைக்கொண்டே தொலைபேசியில் சொல்வித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

29 செப்டம்பர்

போய்விட்டது. இரண்டு படம், இரண்டு சீட்டு. பென்ட கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, முத்திரை எப்படி எடுக்கிறோம் என்று. அதோடு கிர்ஸ்டனின் ஒரு பக்கம்: இரண்டு படமும் ஒரே கமரா, ஒரே தொடரிலக்கம். 2007 பெப்ரவரியில், இந்தக் கமராவைப் பற்றி யாருக்கும் யாரோடும் தகராறு இல்லாத நாளில், கமராவின் மணி உள்ளூர் நேரத்துக்கு நாலரை மணி பின்னால் இருந்தது. அதே கமராவின் 4.20, உள்ளூரில் 8.50. பகல்.

"எல்லாவற்றையும் இது நிறுவாது" என்று அவளே கடைசி வரியில் எழுதியிருக்கிறாள். "ஆனால் இருட்டு என்ற காரணம் இனி இல்லை."

25 அக்டோபர்

பனிக்கால நேரம். மணிக்கூடுகளை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினேன். இன்று எங்கள் வீட்டு மணியும் அவன் கமராவின் மணியும் ஒன்று. கமரா எங்கே இருக்கிறதோ.

24 டிசம்பர்

ஒன்றும் இல்லை. மரம் வைத்தோம், மிரியமுக்காக. ஜெபரட்ணம் அண்ணை வந்தார். ஜெபிக்கும்போது நேசனின் பெயரை, உயிரோடிருக்கிறவர்களின் வரிசையில் சொன்னார். அப்படிச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கே இந்த மாதங்களில் நிச்சயமில்லை. அவருக்கு இருந்தது.

11 பெப்ரவரி 2010, வியாழன்

கிர்ஸ்டன் கந்தோருக்கே வந்துவிட்டாள், ரயிலெடுத்து. தாளை என் கையில் தந்து வாசி என்றாள்.

ஒரே வரி. மேற்படி நபர் புனர்வாழ்வு நிலையம் ஒன்றில் இருக்கிறார். இயக்கம் என்று பிடித்தவர்களை வைத்திருக்கும் இடம். நிலையத்தின் பெயர், ஓர் இலக்கம். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றாள் கிர்ஸ்டன். "நிகழ்காலத்தில்."

நான் அந்தத் தாளைக் கொண்டுபோய் வருடிக்குள் வைத்துக் கணினிக்குள் ஏற்றினேன். பென்ட கேட்காமலே முத்திரைக் கணக்கைத் திறந்து தந்தாள். 11.47.

21 மார்ச், ஞாயிறு

யோகமலர் முகாமை விட்டு வந்து வவுனியாவில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள். போன வெள்ளி அவனைப் பார்க்க விட்டார்கள். பத்து நிமிடம், நடுவில் கம்பி வலை. ஆள் இருக்கிறான். ஒரு காது சரியாகக் கேட்காதாம். ரூத் அவனைக் கண்டு அழுதாளாம், அடையாளம் தெரியாமல்.

கமரா மணியின் கதையைச் சொன்னாளாம். "அக்கா மாத்தச் சொல்லி எத்தினை தரம் ஏசினவ" என்றானாம்.

ஓமடா. ஏசினனான்.

14 ஜூன், திங்கள்

வேலையால் வர, கதவடியில் ஒரு கடிதம். நீலக் கடதாசி, திறந்து வாசித்து மறுபடி ஒட்டிய அடையாளம். நேசனின் எழுத்து.

அதிகமில்லை. சுகம். வெயில். இங்கே நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ரூத்தைப் பாலர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லுங்கோ. அடுத்த பட்டியலில் என் பெயர் இருக்கும் என்கிறார்கள், விட்டால் ஓகஸ்டில் விடுவார்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

மேலே வலப்பக்க மூலையில், திகதிக்குக் கீழே, சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறான்:

காலை 9.10. உங்களுக்கு 4.40.

கமரா இல்லாமலே கழித்துப் பார்த்திருக்கிறான். நாலரை. ஆனால் இது ஜூன். இங்கே கோடை நேரம். எங்களுக்கு அப்போது 5.40.

பதில் எழுத உட்கார்ந்தேன். மிரியம் தன் பெயரைத் தமிழில் தானே எழுதினாள், ஒரு பக்கம் சரிந்த எழுத்தில். நிக்கலஸ் இரண்டு வரி. ஜெபரட்ணம் அண்ணை சொல்லச்சொன்ன வசனம் ஒன்று. பிறகு மேலே, திகதிக்குக் கீழே, நானும் மணி போட்டேன். சுவர் மணிக்கூட்டில் 6.15. கடிதத்தில், அவன் கணக்குப்படி 5.15 என்று எழுதினேன்.

ஒரு மணி பிழை. அவனுக்கு நான் சொல்லப்போவதில்லை.